மடியில் 11 கிலோ

2023 டிசம்பரில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். மகளுக்கு அப்போது 20 மாதம். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தி, சந்தனம் பூசிய தலையோடு என் மடியில் இருந்தாள். இரண்டு வயது நிரம்பவில்லை என்பதால் தனி இருக்கை எடுக்கவில்லை. நான்கு மணி நேரம்தானே என்று நானும் கணவரும் முடிவெடுத்திருந்தோம். உண்மையைச் சொன்னால், முடிவெடுத்தது டிக்கெட் விலை.

ஏறியதும் விமானச் சிப்பந்தி ஒரு சின்ன வாரைத் தந்தார். அதன் வளையத்துக்குள் என் இருக்கைவாரைக் கோத்து, மறுமுனையைக் குழந்தையின் இடுப்பில் மாட்ட வேண்டும். மாட்டியதும் மகள் நெளிந்தாள், அழுதாள், முன் இருக்கையை உதைத்தாள். விமானம் மேலேறி விளக்கு அணைந்ததும், பக்கத்தில் இருந்த அத்தை, “கழட்டி விடும்மா, புள்ளைக்கு இடுப்பு அழுத்துது. உன் மடியைவிட அந்தப் பட்டி என்ன பெரிய பாதுகாப்பு?” என்றார். மாமியார் சொல்லித்தான் கழற்றினேன் என்று பழிபோட மாட்டேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் மகள் தூங்கிவிட்டாள். நானும் கண்ணயர்ந்தேன்.

வங்கக் கடலுக்கு மேல் எங்கேயோ விமானம் ஒருமுறை குலுங்கியது. விளக்கு எரியும் ஒலி கேட்டு விழித்தேன். வாரைத் தேடிக் கை நீட்டுவதற்குள் அடுத்த குலுக்கல். மகள் என் மடியைவிட்டு ஒரு சாண் மேலே எழும்பி, முன் இருக்கையில் மோதி, என் முழங்கால்களுக்கு இடையே விழுந்தாள். கணவர் நடைபாதைக்கு அந்தப் பக்கம். அத்தைதான் சட்டையைப் பிடித்து இழுத்தார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். சிப்பந்தி ஐஸ்கட்டி கொண்டுவந்தார். சிங்கப்பூரில் மருத்துவரிடம் காட்டியபோது பயப்பட ஒன்றுமில்லை என்றார். எங்கள் வரிசையில் வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாரும் வார் போட்டிருந்தார்கள்.

தூக்கத்தில் என் கை தளர்ந்துவிட்டது என்று பல நாள் என்னையே நொந்துகொண்டேன். விழித்திருந்தால் மட்டும் பிடித்திருப்பேனா? அந்தக் கேள்விதான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது. இன்றைய பயணிகள் விமான இருக்கைகள், முன்னோக்கி 16 ஜி விசையைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கப்படுகின்றன. அந்த விசையில் 11 கிலோ குழந்தை 176 கிலோ கனத்தோடு முன்னால் இழுக்கும். நானோ 10 கிலோ அரிசி மூட்டையை மின்தூக்கியிலிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவர இரண்டு முறை கீழே இறக்கி வைப்பவள்.

1989 ஜூலை 19ஆம் தேதி அமெரிக்காவின் சூ சிட்டியில் ஒரு டிசி-10 விமானம் அவசரமாகத் தரையிறங்க முயன்று நொறுங்கியது. அதில் தனி இருக்கை இல்லாமல் மடியில் வந்த குழந்தைகள் நால்வர். அன்றைய நடைமுறைப்படி, பிள்ளைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தலைமைச் சிப்பந்தி ஜேன் பிரௌன் பெற்றோரிடம் சொன்னார். 22 மாத ஆண் குழந்தை ஒன்று இறந்துபோனது. குழந்தையைத் தேடி உடைந்த விமானத்துக்குள் திரும்பப் போக முயன்ற தாயை வெளியே எதிர்கொண்டவரும் அவர்தான். விமானத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை கட்டாயமாக வேண்டும் என்று அதன்பின் பல ஆண்டுகள் போராடினார்.

சட்டம் மாறவில்லை. 2005இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சொன்ன காரணம் இது: தனி இருக்கைக்குக் காசு கேட்டால் குடும்பங்கள் காரில் போகத் தொடங்கும், சாலையில் அதைவிட அதிகம் பேர் இறப்பார்கள். அந்த நாட்டுக்கு அது நியாயமான கணக்காக இருக்கலாம். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குக் காரில் போக வழி ஏது? இங்கே 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளையைக் காரில் சும்மா உட்கார வைத்தால் குற்றம். மலேசியாவிலும் 2020 முதல் குழந்தை இருக்கை கட்டாயம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் காரில் மடியில் வைக்கக்கூடாத பிள்ளையை, ஓடுபாதையில் அதைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் ஓடும் விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

2024 ஜூனில் மீண்டும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மகளுக்கு இரண்டு வயது முடிந்திருந்ததால் தனி இருக்கை எடுத்தே ஆக வேண்டும். கார் இருக்கையையும் கொண்டுபோவோம் என்றேன். சொல்வது சுலபம். விமானத்தில் பயன்படுத்தலாம் என்று அதில் ஒட்டியிருக்க வேண்டும். எங்களுடையதில் அடிப்பக்கம் சிவப்பு எழுத்தில் இருந்தது. ஐசோஃபிக்ஸ் கொக்கிக்கு விமானத்தில் வேலையில்லை, இடுப்பு வாரால்தான் கட்ட வேண்டும். பூஸ்டர் இருக்கையை ஏற்க மாட்டார்கள், அதற்குத் தோள்வாரும் தேவை. அகலம் 16 அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலான விமான இருக்கைகளில் அடங்கும். மற்றவர்கள் வெளியேறும் வழியை மறைக்காமல் சன்னலோரம் வைக்க வேண்டும். விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டால் முதலில் பேசியவர் கூடாது என்றார், அடுத்தவர் தாராளமாக என்றார். மூன்றாவது முறை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டேன். தூக்கச் சிரமம் என்பவர்களுக்கு கேர்ஸ் என்ற தோள்வார் ஒன்று இருக்கிறது. 10 முதல் 20 கிலோ எடையுள்ள, ஒரு மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கானது. கைப்பையிலேயே அடங்கிவிடும்.

அத்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “ஒரு தடவை அடிபட்டதுக்கு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு நாடு நாடா அலையணுமா?”

மே 21ஆம் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த எஸ்கியூ321 மியன்மார் வான்வெளியில் ஆட்டங்கண்டது. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். சில நாள்களில் விசாரணையின் முதற்கட்டத் தகவல்கள் வெளிவந்தன. செய்தியைத் தொலைக்காட்சியில் அத்தையோடு பார்த்தேன். விமானத்துக்குள் விசை 0.6 விநாடியில் தலைகீழாக மாறியிருக்கிறது. வார் போடாதவர்கள் மேலே எழும்பியிருக்கிறார்கள். அடுத்த நான்கு விநாடிக்குள் கீழே விழுந்திருக்கிறார்கள். அத்தை ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது, “அந்த நாற்காலியை வச்சுத் தள்ளிக்கிட்டுப் போக வண்டி ஏதும் கிடைக்குமாம்மா?” என்று கேட்டார்.

பயணம் சொகுசாக இருந்தது என்று சொல்ல முடியாது. கார் இருக்கை உயரமாக இருந்ததால் மகளின் கால் நேராக முன் இருக்கையில் உதைத்தது. அங்கே இருந்தவரிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். ஆனால், வழக்கமான வார் என்பதால் அவள் அதைக் கழற்றச் சொல்லவே இல்லை. கடலுக்கு மேல் விளக்கு எரிந்தபோது தூக்கத்தில் இருந்தாள். எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தீபாவளிக்கு ஜோகூர் பாருவில் இருக்கும் சித்தி மகள் எட்டு மாதக் குழந்தையோடு ஊருக்குப் போகிறாள். “மடியிலேயே வச்சுக்கலாம்ல அக்கா? தனி சீட்டுன்னா இன்னும் 600 ரிங்கிட் ஆகுது” என்றாள். 600 ரிங்கிட் அவள் வீட்டில் சின்னத் தொகை இல்லை. என் மகளின் நெற்றி வீங்கியிருந்த படத்தை மட்டும் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. நேற்றிரவு அவள் வீட்டுக் கார் இருக்கையின் மேல் அளவுநாடாவைப் பிடித்து எடுத்த படம் வந்தது. பதினாறே கால் அங்குலம். “கால் அங்குலம் பரவாயில்லையா?” என்று கேட்டிருந்தாள்.