உளுந்தும் உலர் உணவும்

‘பசி ருசி அறியாது’ என்பது நம் பழமொழி. மனிதர்களுக்கு அது பொருந்தலாம், பூனைக்குட்டிக்குப் பொருந்தாது. எங்கள் வீட்டு ‘உளுந்து’ இரண்டே நாளில் அதை மெய்ப்பித்துவிட்டது.

உளுந்து ஒரு கறுப்புப் பூனைக்குட்டி. உருண்டு படுத்திருந்தால் தோல் நீக்காத உளுந்தைப்போல் இருக்கிறது என்று என் அம்மா வைத்த பெயர் அது. எங்கள் பேட்டையில் தெருப்பூனைகளைப் பராமரிக்கும் தொண்டூழியர் ஒருவர், தாயைப் பிரிந்து தவித்த குட்டியை மீட்டு எங்களிடம் ஒப்படைத்தார். அப்போது அதற்கு ஏறக்குறைய ஏழு வாரம். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள்வரை வளர்க்க அனுமதி உண்டு. குட்டிக்கு நுண்சில்லு பொருத்தவும் உரிமம் பெறவும் வேண்டிய ஏற்பாடுகளைத் தொடங்கினோம். சன்னல்களுக்கு வலை அடித்தோம். எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஆனால், உளுந்து உலர் உணவைத் தொட மறுத்தது.

அம்மா குனிங் மீனை உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கி, தரையில் அமர்ந்து விரல் நுனியில் ஊட்டினால் ஆசையோடு தின்னும். கிண்ணத்தில் உலர் உணவைப் போட்டாலோ ஒருமுறை முகர்ந்து பார்க்கும். பிறகு, வேண்டாத எதையோ மண்போட்டு மூடுவதுபோல் முன்காலால் தரையைப் பறண்டிவிட்டு நகர்ந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து விலங்கு மருத்துவரிடம் சென்றோம். அவர் உளுந்தைத் தராசில் நிறுத்தினார். 640 கிராம். “இந்த வயதில் வாரத்திற்குச் சுமார் 100 கிராம் கூட வேண்டும். இதுவோ 40 கிராம்தான் கூடியிருக்கிறது,” என்றார். மீன் சதையை மட்டும் தின்றால் எலும்பு வளர்ச்சிக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து போதிய அளவு கிடைக்காது. குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் முழுமையான உணவு தேவை என்று அவர் ஆங்கிலத்தில் விளக்க, நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

எங்களுக்கு வேறொரு கவலையும் இருந்தது. மூன்று வாரத்தில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அதன்பின் சில நாள் குனியக் கூடாது என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார். பிறகு தரையில் அமர்ந்து ஒரு நாளைக்கு ஐந்து முறை ஊட்டுவது எப்படி? பகலில் நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம்; மகள் பள்ளிக்குச் செல்கிறாள். ஈரமான உணவு நம் நாட்டு வெப்பத்தில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். உலர் உணவைத்தான் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் செல்ல முடியும்.

“ஒரு நாள் பட்டினி போட்டுப் பார்க்கலாமா? பசித்தால் தானே தின்னும்,” என்று கணவர் மருத்துவரிடம் கேட்டார்.

மருத்துவர் வேகமாகத் தலையை அசைத்து மறுத்தார். குட்டியின் உடலில் சேமிப்பு மிகவும் குறைவு. நெடுநேரம் உண்ணாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடக்கூடும். வளர்ந்த பூனையே சில நாள் உண்ணாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து நோய்வாய்ப்படும். ஆகவே, பட்டினி வைத்தியம் பூனையிடம் செல்லாது.

“பூனை முதலில் மூக்கால் சாப்பிடுகிறது,” என்றார் மருத்துவர். மணம் பிடித்தால்தான் வாய் திறக்கும். உணவு இளஞ்சூடாக இருந்தால் மணம் எழும், குளிர்ந்தால் அடங்கிவிடும். பூனையின் நாக்குக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பதையும் அவர் சொன்னார். இனிப்பை உணர உதவும் மரபணு ஒன்று பூனைகளிடம் வேலை செய்வதில்லை என்று 2005ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்களாம்.

“அப்படியானால், பாயசம் வைத்தாலும் அதற்குப் பச்சைத் தண்ணீர்தானா? பாவம்!” என்றார் அம்மா.

பாடத்திட்டம் வகுப்பது என் தொழில். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவரை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது எங்கள் துறையின் அடிப்படைப் பாடம். உளுந்துக்குத் தெரிந்தவை மீன் மணமும் அம்மாவின் விரலும். அவற்றிலிருந்தே தொடங்கினோம்.

உலர் உணவில் ஒரு கரண்டி எடுத்து, வெதுவெதுப்பான மீன் நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தோம். “வாசனைக்குப் பூண்டு தட்டிப் போடவா?” என்று அம்மா கேட்டார். பூண்டும் வெங்காயமும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் நஞ்சு என்றதும், எடுத்த பூண்டைக் கூடையிலேயே போட்டார். மூன்று பங்கு மீனோடு ஒரு பங்கு ஊறிய உணவு. முதல் வேளையில் உளுந்து மீனை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை அப்படியே வைத்தது. அடுத்த வேளை அம்மா இரண்டையும் பிரிக்க முடியாதபடி மையப் பிசைந்தார். குட்டி சற்று யோசித்தது, பிறகு நக்கியது.

மகள் ஒரு குறிப்பேடு போட்டாள். சமையலறைத் தராசில் தினமும் காலையில் எடை பார்த்து எழுதினாள். நான்காம் நாள் பாதிக்குப் பாதி கலந்தோம். ஐந்தாம் நாள் உளுந்துக்கு வயிறு இளகியது. எடையும் கூடவில்லை.

அன்றிரவு அம்மா என்னிடம் வந்தார். “அதைப் படுத்தாதேம்மா. நானே ஊட்டுகிறேன். ஆபரேஷனை இரண்டு மாதம் தள்ளிப் போட்டால் என்ன குறைந்துவிடும்?” என்றார்.

அந்தக் கண்ணால் அவர் நாளிதழ் படித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மீன் முள்ளைக்கூட அவர் கண்ணால் பார்த்து எடுக்கவில்லை. விரலால் தடவித்தான் எடுத்தார். “தள்ளிப் போட வேண்டாம் அம்மா. உளுந்துக்கு இன்னும் நாள் கொடுப்போம்,” என்றேன். மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டோம். குட்டி சுறுசுறுப்பாக இருப்பதால் அஞ்ச வேண்டாம், முந்தைய அளவுக்குத் திரும்பி, வயிறு சரியானபின் மெல்லக் கூட்டுங்கள் என்றார். அப்படியே செய்தோம்.

அதன்பின் ஒவ்வொரு படியாக ஏறினோம். மீனைக் குறைத்தோம். பிறகு ஊறவைக்கும் நேரத்தைக் குறைத்தோம். அம்மாவும் விரலைக் கிண்ணத்தை நோக்கி மெல்ல மெல்ல இறக்கினார். எட்டு வாரக் குட்டிக்கு 26 பால் பற்களும் முளைத்திருக்கும். கடிக்க முடியும், கடிக்கப் பழகவேண்டும், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் இரவு, சமையலறையிலிருந்து ‘கறுக் முறுக்’ என்று சத்தம் கேட்டது. நாங்கள் நால்வரும் மூச்சுக்கூட விடாமல் எட்டிப் பார்த்தோம். உளுந்து ஊறவைக்காத உணவைத் தலையைச் சாய்த்துக் கடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் மகளின் குறிப்பேட்டில் 810 கிராம் ஏறியது.

உலர் உணவில் சுமார் 10 விழுக்காடுதான் ஈரம் உண்டு. பூனைகளோ இயல்பாகவே குறைவாகத் தண்ணீர் குடிப்பவை. ஆகவே, இரண்டு இடங்களில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம். மாலையில் ஒரு வேளை ஈர உணவையும் தொடர்ந்தோம்.

குறித்த நாளில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிற்பகலில் கண்ணுக்குக் கவசம் போட்டபடி வீடு திரும்பினார். நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, “உளுந்து சாப்பிட்டதா?”

மகள் காலிக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். “எல்லாம் சாப்பிட்டுவிட்டது பாட்டி. நாங்கள் ஊட்டவே இல்லை.”

“கெட்டிக்காரக் குட்டி,” என்று அம்மா சிரித்தார். சற்றுப் பொறுத்து, “என்னைத் தேடவே இல்லையா?” என்று மெல்லக் கேட்டார். அந்தக் குரலில் பெருமையும் இருந்தது. சிறு ஏக்கமும் இருந்தது. ஊட்டி வளர்த்த கைகளுக்கு அப்படித்தான் இருக்கும்போலும்.