அரயோப்பாகுக் குன்றும் கள்ளியங்காடும்

குமரிமுனையைப் பற்றி அயலார் எழுதிவைத்த மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று கிரேக்க மொழியில் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத கடல் வணிகர் ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் பயண நூலில் அது வருகிறது. எந்தத் துறையில் மிளகு கிடைக்கும், எங்கே முத்து கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வரும் அம்மனிதர், குமரிக்கு வந்ததும் கணக்கைச் சற்றே மறந்துவிடுகிறார். ஆடவரும் பெண்டிரும் இங்கு வந்து நீராடி, மணத்துறவு பூண்டு எஞ்சிய நாளைக் கழிக்கின்றனர் என்றும், முன்பொரு காலத்தில் தேவி ஒருத்தி இங்கே தங்கி நீராடினாள் என்று சொல்லப்படுவதே அதற்குக் காரணம் என்றும் எழுதுகிறார். இந்த மண்ணில் மணத்துறவு நம் காலத்தில் வந்ததன்று என்பதை அறிய நமக்கு ஒரு கிரேக்க மாலுமி வேண்டியிருந்தது!

'சொல்லப்படுகிறது' என்னும் அந்தச் சொல்லில் நம் மனம் பலமுறை நின்றதுண்டு. யாரோ ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மீன் பிடிப்பவரோ, மூட்டை சுமப்பவரோ, நீராட வந்த ஒரு மூதாட்டியோ. வணிகர் நகைக்கவில்லை. கேட்டார், எழுதிக்கொண்டார், அடுத்த துறைக்குப் போனார். இம்மாவட்டத்திலேயே பிறந்து, இங்கேயே கால் நூற்றாண்டுக்கு மேல் பங்குப்பணி ஆற்றிவரும் நாம் அந்த அளவுக்கேனும் செவிகொடுத்தோமா? இதை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

கிரேக்கத் தொன்மங்கள் நமக்கு அறிமுகமானது குருமடத்தில். புதிய ஏற்பாட்டு மொழியைக் கற்பித்த பேராசிரியக் குரு, வினைச்சொல் வாய்பாடுகளால் நாம் சோர்ந்து போகும்போதெல்லாம் ஒரு கதையை எடுத்துவிடுவார். ஏதென்சு நகரத்துப் பிள்ளைகள் ஹோமரின் பாடல்களைக் கொண்டே எழுத்தும் ஒழுக்கமும் கற்றனர் என்பதையும், தெய்வங்களைப் பற்றிப் பொய்யும் இழிவும் சொல்லும் கவிஞர்கள் தம் இலட்சிய நாட்டில் வேண்டா என்று பிளேட்டோ வாதாடியதையும் அவர் வாயிலாகவே அறிந்தோம். திருச்சபைத் தந்தையரும் இதே சிக்கலில் அகப்பட்டவர்களே. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார் இளைஞருக்கு ஓர் உரை எழுதினார். தேனீ எல்லா மலரிலும் அமர்வதில்லை; அமரும் மலரிலும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதில்லை; வேற்றுச் சமயத்தார் நூல்களை அவ்வாறு பயிலுங்கள் என்பது அவர் அறிவுரை. அலெக்சாந்திரியக் கிளமெந்து இன்னும் துணிவானவர். மாயப் பாடல் பாடும் பெண்களிடமிருந்து தப்பப் பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்ட ஒடிசியசின் கதையைச் சொல்லி, சிலுவை மரத்தில் கட்டுண்டால் நீங்களும் தப்புவீர்கள் என்று தம் மக்களுக்கு எடுத்துரைத்தார்.

ஆனால் நம்மை உலுக்கியது வேறொரு கதை. கி.மு. 458-இல் எஸ்கிலஸ் ஏதென்சில் அரங்கேற்றிய ஓரெஸ்டஸ் நாடகங்களின் மூன்றாம் பகுதி அது. தந்தையைக் கொன்ற தாயை மகன் ஓரெஸ்டஸ் கொல்கிறான். சிந்திய தாயின் இரத்தத்துக்குப் பழிவாங்க எரினியர் என்னும் பழிதீர்க்கும் தெய்வப் பெண்கள் அவனை ஊர் ஊராகத் துரத்துகின்றனர். ஏதென்சில் அரயோப்பாகுக் குன்றின்மேல் அத்தீனா தேவி ஒரு வழக்கு மன்றத்தை நிறுவுகிறாள். நகர மாந்தர் நடுவராய் அமர்கின்றனர். வாக்குகள் இருபுறமும் சமமாகின்றன. அவன் விடுதலை பெறுகிறான். எரினியரின் சீற்றம் நகரத்தின்மேல் திரும்புகிறது. நிலம் விளையாது, கருவறை தங்காது என்று சபிக்க எழுகின்றனர். அத்தீனா அவர்களை விரட்டவில்லை. உங்கள் சினம் நியாயமானதே, எங்களோடு தங்கிவிடுங்கள் என்று மன்றாடி, அதே குன்றின் அடியில் அவர்களுக்கு ஒரு குகையும் பூசையும் தருகிறாள். பழிவாங்க வந்தவர்கள் பிள்ளைப்பேறும் விளைச்சலும் காக்கும் தெய்வங்களாகின்றனர்.

அம்மன்றத்தில் ஓரெஸ்டசுக்காக வாதாடும் அப்பல்லோ ஒரு சொல் சொல்கிறான். மனிதனின் குருதியை மண் குடித்துவிட்டால், பின்னர் அவனுக்கு உயிர்த்தெழுதல் இல்லை என்பது அதன் பொருள். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, அதே அரயோப்பாகின் முன்னிலையில் திருத்தூதர் பவுல் நின்றார். திருத்தூதர் பணிகள் பதினேழாம் அதிகாரம். அவர் அங்கே இறைவாக்கினர் எவரையும் மேற்கோள் காட்டவில்லை; சேயுஸ் தெய்வத்தைப் பற்றி ஆராட்டஸ் என்னும் கிரேக்கக் கவிஞர் பாடியதை எடுத்தாண்டார். முடிவில், அப்பல்லோ இல்லையென்று சொன்ன அதே கிரேக்கச் சொல்லைக் கொண்டே, உயிர்த்தெழுதல் உண்டு என்றார். சிலர் நகைத்தனர் என்று லூக்கா எழுதுகிறார். நகைத்தவர்களும் அந்த நாடகத்தை அறிந்தவர்களாகத்தான் இருந்திருப்பர் என்று பேராசிரியர் சொன்னபோது, வகுப்பில் நிலவிய அமைதி இன்றும் நினைவில் இருக்கிறது. அவ்வாண்டுத் தேர்வில் எரினியரைப் பற்றி ஐந்து பக்கம் எழுதினோம்; நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம்.

அந்த ஐந்து பக்கத்தில் கள்ளியங்காட்டு நீலியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அறியாமலா? இல்லை. நாம் பிறந்த ஊரில் இசக்கியம்மன் கோயில் நம் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில்தான் இருந்தது. கொடை நாட்களில் குழாய் ஒலிபெருக்கி வழியே வில்லுப்பாட்டு இரவெல்லாம் வீட்டுக்குள் வரும். வில்லில் கட்டிய மணிகளின் ஒலி, வீசுகோல் விழும் வேகம், குடத்தின் ஆழ்ந்த அடி, உடுக்கையின் துடிப்பு, புலவர் ஒரு வரியை எடுக்க மறுபக்கத்தார் வாங்கிப் பாடும் அழகு எல்லாம் வந்துசேரும். நம் தாயார் செபமாலையைச் சற்று உரக்கச் சொல்லத் தொடங்குவார். செபமாலைக்கும் வில்லுக்கும் நடுவே படுத்துக்கொண்டு கதையை முழுதாகக் கேட்டிருக்கிறோம். காதில் விழுவதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்ற ஐயமும் அந்நாளில் இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இம்மாவட்டக் கொடைகளில் பாடப்படும் வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் ஒரு நூல் வெளியிட்டார். தெய்வமாகவே பிறந்தவர்களின் கதைகள் ஒருவகை, மனிதராய்ப் பிறந்து கொடுமையாக மாண்டு தெய்வமானவர்களின் கதைகள் மற்றொருவகை என்று அவர் பகுத்துக் காட்டுகிறார். நீலி இரண்டாம் வகையினள்.

கதை ஊருக்கு ஊர் சற்றே மாறும். நாம் கேட்ட வடிவம் இது. கோயில் பூசகன் ஒருவன் தாசி வீட்டில் பொருளையெல்லாம் இழந்து வெளியேறுகிறான். அவன்மேல் மெய்யன்பு வைத்த அப்பெண் அவனைப் பின்தொடர்கிறாள். கள்ளிக்காட்டில் அவன் மடியில் தலைவைத்து அவள் உறங்கும்போது, நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொல்கிறான். பார்த்திருந்தது கள்ளிச்செடி ஒன்றே. அதையே சாட்சியாக வைத்து அவள் உயிர்விடுகிறாள். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. கள்ளிக்கொப்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து, இவர் என் கணவர், எங்களைக் கைவிட்டார் என்று ஊர் மன்றத்தில் முறையிடுகிறாள். இவள் பெண்ணல்லள், நம்பாதீர்கள், என்னைக் கொன்றுவிடுவாள் என்று வணிகன் கதறுகிறான். குழந்தையோ அவனிடம் தாவுகிறது. மன்றத்து வேளாளர் எழுபதுபேர், அஞ்சாதே, உன் உயிருக்கு ஊறு நேர்ந்தால் எங்கள் எழுபதுபேர் உயிரும் ஈடு என்று வாக்களித்து, இருவரையும் ஓர் அறையில் இரவு தங்க வைக்கின்றனர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதுபேரும் சொன்ன சொல் தவறாது தீயில் இறங்குகின்றனர்.

எரினியருக்கு ஏதென்சில் குகை கிடைத்ததுபோல, நீலிக்கும் இங்கே கோயில் கிடைத்தது. நீலியே இசக்கி என்பது நம் ஊர்ப்புற நம்பிக்கை. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி வணங்கிச் செல்லாத ஓட்டுநர் குறைவு. கையில் குழந்தை ஏந்தி நிற்கும் அவளுக்குப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மரத்தொட்டில் கட்டுகின்றனர். பழையனூர் நீலிக்குத் திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே குறிப்பு உண்டு. சமணர் அவளை விரட்டாமல் தங்கள் பள்ளியில் சேர்த்துக்கொண்டனர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான 'நீலகேசி'யில், முனிவரை அச்சுறுத்த வந்த நீலி அவர் அறத்துக்கு ஆட்பட்டு, கொல்லாமையை நிலைநாட்ட ஊர்தோறும் சென்று வாதிடும் அறிஞையாகிறாள். கிளமெந்து ஒடிசியசுக்குச் செய்ததைப் பெயர் தெரியாத ஒரு சமணப் புலவர் நீலிக்குச் செய்தார். நாம் என்ன செய்தோம்?

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் உள்நாட்டுப் பங்கு ஒன்றின் பொறுப்பு நமக்குக் கிடைத்தது. அங்கே ஒரு மூதாட்டி இருந்தார். தவறாது திருப்பலிக்கு வருபவர். மாலையில் கோயில் திண்ணையில் மறைக்கல்விக்கு வரும் பெண்பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி நீலி கதையைச் சொல்வார் என்று அறிந்தோம். அடுத்த ஞாயிறு மறையுரையில் பேய்க்கதைகளைப் பற்றிக் கடுமையாகப் பேசினோம். பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் மக்களினங்களின் மரபுகளில் இறைவார்த்தையின் விதைகள் மறைந்திருப்பதை மகிழ்வோடு கண்டறியுங்கள் என்று 1965-இல் சொன்னதைத் தேர்வுக்காகப் படித்தவர்தாம் நாம்! அதே ஆண்டில் பங்கு மக்களை ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலைக்கு அழைத்துச் சென்றோம். 1752 சனவரி 14-இல் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. 2022-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை அனைவரும் அறிவர். அவர் உயிர் பிரிந்தபோது மணிபோல் ஒலித்ததாகச் சொல்லப்படும் பாறையைக் காட்டி, உருக்கமாக உரையாற்றினோம். கல்லின் சாட்சியத்தை நம்பினோம். கள்ளியின் சாட்சியம் மட்டும் பேய்க்கதையாயிற்று. மறைசாட்சியின் இறப்பு வரலாறு. நீலியின் இறப்புக்கு ஓலை ஆவணம் இல்லை. அந்த வேறுபாட்டை இன்றும் மறுக்க மாட்டோம். ஆனால் இரத்தம் சிந்தியபோது மனிதர் வாய்மூடி நின்றால் கல்லும் செடியும் பேசும் என்ற நம்பிக்கை இரண்டிலும் ஒன்றே என்பதை அன்று காணத் தவறினோம்.

அப்பங்கில் மணமாகி ஓராண்டே ஆன பெண் ஒருத்தி தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தாள். மூதாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுள் ஒருத்தி. கணவன் வீட்டார் மன்றாட்டோடு வந்தனர். பங்குப்பேரவையினர் நால்வரும் இருவீட்டாரும் நம் இல்லத்து முன்னறையில் கூடினர். கணவன் கண்ணீர் விட்டான், ஆணையிட்டான். பெண் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, எனக்குப் பயமாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் சொன்னாள். திருமண அருள்சாதனத்தின் முறிவுபடாத் தன்மையைப் பற்றி நாம் நெடுநேரம் பேசினோம். முடிவில், அஞ்சாதே அம்மா, நாங்கள் இத்தனைபேர் பொறுப்பு என்று சொல்லி அனுப்பிவைத்தோம்.

நான்கு மாதம் கழித்து அவளை மருத்துவமனையில் பார்த்தோம். வயிற்றில் இருந்த ஏழு மாதக் குழந்தை இல்லை. நம்மைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். படுக்கையருகே முக்காலியில் அம்மூதாட்டி அமர்ந்திருந்தார். அவர் எழுந்து, வழக்கம்போல் இருகைகூப்பித் தோத்திரம் சொன்னார். நாம் வெளியே வந்தபோது தாழ்வாரம் வரை உடன் வந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அந்த எழுவது பேரும் சொன்ன சொல்லுக்காவத் தீயில எறங்கினாவ, சாமி." வேறொன்றும் சொல்லவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டார்.

அஞ்சியவரின் சொல்லை நம்பாத மன்றம் ஒன்று அக்கதையில் உண்டு என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. எரினியரைப் பற்றி ஐந்து பக்கம் எழுதியவருக்கு! அப்பெண்ணின் தந்தையிடம் சென்று, தவறு நம்முடையது என்று சொன்னோம். அவர் கட்டன்காப்பி தந்தார், மறுமொழி தரவில்லை. அவள் திருப்பூருக்குத் தையல் வேலைக்குப் போனாள். கணவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. திருப்பிவைக்கச் சொல்லி வந்தவர்களை நாம் வாசலிலேயே அனுப்பிவிட்டோம். அதற்காக மேலிடத்துக்கு நம்மைப் பற்றி ஒரு முறையீடும் போயிற்று. அது இங்கே வேண்டாம்.

அப்பங்கிலிருந்து மாறுதல் வருமுன் ஒருநாள் மூதாட்டியின் வீட்டுக்குச் சென்று, அந்தக் கதையை எங்களுக்கும் சொல்லுங்கள் அம்மா என்று கேட்டோம். "அது பேய்க்கதைல்லா, சாமி?" என்றார். பொக்கை வாயில் சிரிப்பு இருந்ததா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மறுநாள் மாலை அவரே கோயில் திண்ணைக்கு வந்தார். பிள்ளைகளும் வந்தனர். கதை இரண்டு மாலை நீண்டது. இரண்டாம் நாள், எழுபதுபேரும் ஒவ்வொருவராக எழுந்து வாக்குக் கொடுக்கும் இடம் வந்ததும் நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் கேட்டார். நாமே எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தோம். குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.