படுத்தால் போகாத வலி

இடுப்பு வலி வேறு. இடுப்பில் கிளம்பி, தொடை, கெண்டைக்கால் என்று ஒரே கோடாக இறங்கிக் கால் விரல் வரை சுண்டியிழுக்கும் வலி வேறு. முன்னது வந்தால் முனகலாம். பின்னது வந்தால் தும்மக்கூடப் பயமாயிருக்கும்! சயாட்டிகா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஆயுர்வேதத்தில் கிருத்ரசி என்பார்கள். கிருத்ரம் என்றால் கழுகு. நோயாளியின் நடை கழுகின் நடை மாதிரி இருக்குமாம். நாற்பத்தாறு வயதில் நானும் அப்படித்தான் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை உறுத்துவதுதான் பெரும்பாலும் காரணம். ஸ்கேனில் ‘டிஸ்க் பிதுக்கம்’ என்று எழுதியிருந்ததைப் படித்ததுமே வீட்டில் ஆபரேஷன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். டாக்டர் பதறவில்லை.

“வலியே இல்லாத நாற்பது வயசுக்காரங்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு இப்படித்தாம்மா இருக்கும். பிதுங்கினது நாளாவட்டத்தில சுருங்கிடும். ஆறு வாரம் பார்ப்போம்” என்றார்.

நெதர்லாந்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்றையும் சொன்னார். கடுமையான சயாட்டிகா உள்ள 283 பேரில் ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறு பாதிக்குக் காத்திருந்து வைத்தியம். ஒரு வருஷம் கழித்து இரண்டு சாராரிலுமே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணம். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பிற்பாடு ஆபரேஷனுக்குப் போனார்கள். அதையும் மறைக்காமல் சொன்னார். எனக்குக் காத்திருக்கலாம் என்று தோன்றியது.

கஷ்டம் வீட்டில்தான். “பலகையைப் போட்டுப் படு, அசையவே கூடாது” என்றார் மாமியார். பிரியத்தில் சொன்னதுதான். ஆனால் இரண்டு வாரம் படுத்தே கிடந்தவர்களுக்கு நடமாடியவர்களைவிட அதிகப் பலன் எதுவுமில்லை என்று 1999-லேயே கண்டுவிட்டார்கள். தாங்க முடியாவிட்டால் ஒன்றிரண்டு நாள் படுக்கலாம். அப்புறம் நடக்க வேண்டும்.

நம் வீடுகளில் பெண் எழுந்து நடந்தால் என்ன அர்த்தம்? “சரியாயிடுச்சு போல!” உடனே தண்ணீர் வாளி கைக்கு வந்துவிடும். ஒன்று முழு நோயாளி, இல்லையென்றால் முழு வேலைக்காரி. நடுவில் ஒரு நிலை இருப்பதே யாருக்கும் புரிவதில்லை. நான் கறாராகச் சொல்லிவிட்டேன்: “நடப்பேன், நின்னு சமைப்பேன். குனிய மாட்டேன், தூக்க மாட்டேன்.” வாளி மகனுக்கு, தரை துடைப்பது மகளுக்கு, கிரைண்டர் கல் அவருக்கு.

மணிக்கொரு தரம் ஐந்து நிமிஷம் நடை. போகப் போக அரை மணி. உட்கார்ந்தால்தான் வலி அதிகம் என்பதால் காய் நறுக்குவதுகூட மேடையருகில் நின்றபடியே. இரவில் வெந்நீர்ப் பை.

பிசியோதெரபிக்காரப் பெண் ஒரு பயிற்சி சொல்லித் தந்தாள். குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்த வேண்டும். நியூசிலாந்தில் ராபின் மெக்கன்ஸி என்ற பிசியோதெரபிஸ்டிடம் 1956-ல் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேஜையில் தற்செயலாகக் குப்புறப் படுத்துவிட்டாராம். சற்று நேரத்தில் கால் வலி போய்விட்டது! அதிலிருந்து வளர்ந்த முறை இது. “வலி காலை விட்டு இடுப்புக்கு ஏறினா நல்ல சேதிக்கா. கீழே இறங்கினா உடனே நிறுத்திடுங்க” என்றாள். எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு முன்பக்கம் குனிவதே சுகம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று செய்யாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கூச்சத்தில் மறைக்கக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போய்விட்டாலோ, உட்காரும் இடமும் மறைவிடமும் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்போது ஆறு வாரமெல்லாம் பேச்சே இல்லை; ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் காலோ சிறுநீர்ப் பையோ பழையபடி ஆகாமலே போகலாம்.

எனக்கு ஏழாவது வாரம் வலி கெண்டைக்காலை விட்டது. கட்டைவிரலில் லேசான மரமரப்பு மட்டும் பாக்கி. கிரைண்டர் கல்லை இனி நானே தூக்கலாம் என்று டாக்டர் போன மாசம் சொன்னார். அதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.