அட்வான்ஸ் வாங்கிட்டு அல்வாவா?

கல்யாண சீஸன்னாலே நமக்கு பந்தியும் பாட்டும்தான் ஞாபகம் வரும். ஆனா, அட்வான்ஸ் வாங்கின பார்ட்டி பாதி வேலையில கம்பி நீட்டினா என்ன பண்றதுன்னு யோசிச்சிருக்கீங்களா? எங்க வீட்டுல யோசிக்க வேண்டி வந்துடுச்சு பாஸ்!

நமக்கு ஊர் ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பக்கம். அக்கா கல்யாணத்துக்கு மலைக்குக் கீழே இருந்து ஒரு வீடியோக்காரரைப் பிடிச்சோம். சாமை வித்த காசுல 25,000 ரூபாய் அட்வான்ஸ். ரெண்டு கேமரா, ஆல்பம், ஒரே மாசத்துல வீடியோன்னு பேச்சு. வந்தது ஒரு கேமராதான். ஆறு மாசமாகியும் ஆல்பமும் இல்லை, வீடியோவும் இல்லை. இதுக்கு நடுவுல தாத்தா காலமாகிட்டார். அவர் மேளத்துக்கு ஆடினது அந்தக் கேமராவுல மட்டும்தான் இருக்கு. ''பணம் போனா போகட்டும்டா... அப்பா ஆடுனதை மட்டும் எப்படியாவது வாங்கிடு''ங்கறாங்க அம்மா.

'போலீஸுக்குப் போலாம்'னார் மாமா. ஆனா, பேச்சு தவறினதெல்லாம் மோசடி ஆகிடாது. ஆரம்பத்துலயே ஏமாத்துற எண்ணம் இருந்ததுன்னு காட்டணும். நமக்குச் சரியான வாசல், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. காசு வாங்கிட்டு சொன்னதைச் செய்யலைன்னா, சட்டத்துல அதுக்குப் பேர் 'சேவைக் குறைபாடு'.

முதல்ல 1915-க்கு போன் போட்டு புகாரைப் பதியலாம். அதுல சரியாகலைன்னா, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். எதிர்பார்ட்டி எந்த ஊர்க்காரரா இருந்தாலும், நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே மனு போடலாம். பழைய 1986 சட்டத்துல இந்த வசதி கிடையாது. நாம கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்னை வந்த நாள்லேர்ந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான். எதிர்பார்ட்டி 30 நாள்ல பதில் தரணும். மிஞ்சிப்போனா இன்னும் 15 நாள். பணத்தைத் திருப்பிக் கொடு, நஷ்டஈடு கொடுன்னு மட்டுமில்லை, குறையைச் சரிசெய்துகொடுன்னும் ஆணையம் உத்தரவு போடலாம். எங்களுக்கு வேண்டியதே அதுதான்!

அதனால, முதல் வரியிலயே 'எடுத்த வீடியோ முழுசா வேணும்'னு கேட்டு, 15 நாள் கெடு வெச்சு தபால்ல நோட்டீஸ் அனுப்பினோம். பத்தாவது நாள் போன்... ''எல்லாம் பத்திரமா இருக்கு தம்பி, எடிட்டிங்தான் பாக்கி!'' அந்த போனுக்கே அம்மா கண் கலங்கிட்டாங்க. கெடு இந்த வாரம் முடியுது. வீடியோ கைக்கு வரலைன்னா, திருவண்ணாமலைக்கு பஸ் ஏறுறோம்.

அக்கா, அண்ணன் கல்யாணத்துல பந்தி பரிமாறுறதோட நம்ம டியூட்டி முடியறதில்லை ஃப்ரெண்ட்ஸ். எத்தனை கேமரா, எத்தனை சாப்பாடு, எந்தத் தேதின்னு எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்குங்க. அட்வான்ஸுக்கு ரசீது கேளுங்க. வாட்ஸ்அப் பேச்சை அழிச்சுடாதீங்க. 'நம்ம ஆளுதானே, எதுக்கு இதெல்லாம்?'னு பெருசுங்க சொல்லத்தான் செய்வாங்க. நீங்க பேனாவை நீட்டுங்க!