முதல் வெயில் பேட்டரிக்கு

ஜனவரி 11

லடாக்கில் ஹான்லே பக்கம், மின்கம்பி எட்டாத மேய்ச்சல் குடியிருப்பு. காலை எட்டரைக்கு வெளியே மைனஸ் 16 டிகிரி. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. குளிரில் சோலார் பேனல் கூடுதல் வோல்ட் தரும். ஆனாலும் கொட்டகையிலிருக்கும் லித்தியம் பேட்டரி ஒரு ஆம்பியர்கூட வாங்கவில்லை. உள்ளிருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) சார்ஜை நிறுத்திவைத்திருக்கிறது.

"ராத்திரி முழுக்க விளக்கு எரிந்ததே, இப்போது மட்டும் என்ன?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா; இங்கே அவரை ஆமா-லே என்பார்கள். நியாயமான கேள்வி.

ஜனவரி 12

இந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி மைனஸ் 20 வரை மின்சாரம் கொடுக்கும். வாங்குவதற்குத்தான் பூஜ்ஜியத்துக்கு மேல் வேண்டும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. உறைகுளிரில் அந்த நுழைவு மந்தமாகும். உள்ளே போக முடியாதவை மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வராது, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். ஊசியாக வளர்ந்து நடுச்சவ்வைத் துளைத்தால் ஷார்ட். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேரே வயர் கொடு என்பவர்கள் பேச்சைக் கேட்கவே கூடாது.

ஜனவரி 13

கணக்குப் போட்டேன். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி; எடை சுமார் 12 கிலோ. பேட்டரியை மைனஸ் 10 டிகிரியிலிருந்து பிளஸ் 5-க்குச் சூடேற்ற 50 வாட்-மணி போதும். மொத்தக் கொள்ளளவில் நான்கு சதவீதம்! வெளியே கசியும் சூட்டுக்காக இரட்டிப்பாக்கினாலும் வெயில் நாளில் அது பெரிய செலவில்லை.

ஜனவரி 15

பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். அடுப்பிலிருந்து தள்ளி, தரையில் படாமல் பலகை மேல் மரப்பெட்டி. சுற்றிலும் ஆமா-லே கொடுத்த ஆட்டுரோமக் கம்பளி. அடியில் சூடேற்றும் விரிப்பு, அதன்மேல் சூட்டைப் பரப்ப அலுமினியத் தகடு. சென்சாரைச் செல்லோடு ஒட்டினேன். பெட்டிக் காற்று சீக்கிரம் சூடாகிவிடும், செல்லின் உட்புறம் ஏற நேரம் பிடிக்கும்.

பேனலின் முதல் மின்சாரம் விரிப்புக்கு. செல் 5 டிகிரியைத் தொட்ட பிறகே சார்ஜ், அதுவும் முதலில் 10 ஆம்பியர்தான்.

ஜனவரி 16

குளிர்நாட்டுக்கு லித்தியம் ஆகாது என்கிறார்கள். சார்ஜ் இறங்கிப்போன லெட் ஆசிட் பேட்டரியும்தான் உறைந்து விரிசல் விடுகிறது. குறை பேட்டரியில் இல்லை, அதைச் சமவெளியில் வைப்பதுபோல் இங்கேயும் வைத்துவிட்டுப் போவதில் இருக்கிறது. பேனலோடும் பேட்டரியோடும் கம்பளிப் பெட்டியும் விரிப்பும் சேர்ந்தே வரட்டும். விலையில் அது சிறு பங்கு. குளிர்காலத்தில் இந்த வீடுகளுக்கு அதுதான் வெளிச்சம்.