தங்கை மகனுக்கு ஒரு பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படிக்கலாம்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் என் தங்கை மகன் ஒரு செய்தி போட்டிருந்தான். "ஹாலிவுட்ல இப்ப எதுக்கெடுத்தாலும் கறுப்பர்களைத் திணிக்கிறாங்க பெரியம்மா. அதான் படத்துல தரமே இல்லாமப் போச்சு." கீழே நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். நானும் காட்டலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். 2023-ல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தைப் பேத்தியோடு பார்த்துத் தூங்கி வழிந்தவள் நான்.

பிறகு யோசித்தேன். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். கடல்கன்னியாக வந்த கறுப்பினப் பெண் ஹாலி பெய்லியின் குரல். 1989-ல் இதே கதையைக் கார்ட்டூனாக 83 நிமிடத்தில் சொல்லி முடித்தார்கள். இப்போது 135 நிமிடம். அதே மாவில் இன்னும் தண்ணீரை ஊற்றி மறுபடி தோசை வார்த்தால் எப்படி இருக்கும்? மாவைக் கரைத்தது கம்பெனி. திட்டு வாங்கியது அந்தப் பெண்.

சரி, யாரையும் "திணிக்காத" காலத்தில் என்ன நடந்தது? 'கான் வித் த விண்ட்' படத்தில் வேலைக்காரியாக நடித்தவர் ஹாட்டி மெக்டேனியல். 1939 டிசம்பரில் அட்லாண்டா நகரில் நடந்த முதல் காட்சிக்கு அவரால் போக முடியவில்லை. அந்த ஊர் நிறப் பாகுபாட்டுச் சட்டம் அப்படி. அடுத்த பிப்ரவரியில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. விழா நடந்த லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல் கறுப்பர்களை உள்ளே விடாது. தயாரிப்பாளர் தனியாகச் சொல்லி அனுமதி வாங்கினார். அப்போதும் தன் படக்குழுவோடு அவரை உட்கார வைக்கவில்லை. சுவரோரமாகத் தனி மேசை. விருது வாங்கிய பிறகும் பெரும்பாலும் வேலைக்காரி வேடம்தான் வந்தது. அடுத்து ஒரு கறுப்பினப் பெண் நடிப்புக்காக ஆஸ்கர் வாங்க 51 ஆண்டுகள் ஆயின. அவர் ஊப்பி கோல்ட்பெர்க்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஐயா ஒருவர் 'டு சர், வித் லவ்' படத்தைக் காட்சி காட்சியாகக் கதை சொல்வார். லண்டனின் ஏழைப் பகுதியில் அடங்காத பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவரும் கறுப்பின ஆசிரியராக சிட்னி பாய்ட்டியே நடித்தது. 1967-ல் வந்தது. நான் ரொம்பப் பின்னால்தான் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. அதற்கும் பிறகு அந்தப் படத்துக்கு மூலமான பிரெய்த்வெய்ட்டின் நாவலைப் பற்றித் தெரிய வந்தது. நாவலில் அந்த ஆசிரியர் வெள்ளைக்கார சக ஆசிரியை ஒருவரைக் காதலிக்கிறார். படத்தில் அது ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு என்று சுருங்கிவிட்டது. கறுப்பர் கதாநாயகனாகலாம். ஆனால் ஆசாபாசம் இருக்கக் கூடாது, தவறு செய்யக் கூடாது, கடவுள் படம் மாதிரி சுவரில் தொங்க வேண்டும். பாய்ட்டியே அப்படியே நடிக்க வேண்டியிருக்கிறதே என்று கறுப்பின எழுத்தாளர் ஒருவரே அந்த ஆண்டு நியூயார்க் டைம்ஸில் கடுமையாக எழுதினார்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழா நாடகங்களை இருபது வருஷத்துக்கு மேல் நான்தான் போட்டேன். நல்ல கறுப்பாக ஒரு பையன் இருந்தான். வகுப்பிலேயே அவன் குரல்தான் கணீரென்று இருக்கும். எமன், அரக்கன், காவலாளி என்று மூன்று வருஷமும் அவனுக்கு மாற்றி மாற்றி அதுதான். "நிறத்துக்குப் பொருத்தமா இருக்கும்" என்று நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். சிவப்பாக இருந்த இன்னொரு பையன் ராஜா. அவன் மேடையில் வசனம் மறந்து முழிக்க, நான் திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தேன். போன வருஷம் அந்தப் பையன் போன் பண்ணினான். இப்போது அவன் பிள்ளைக்கே கல்லூரி வயது. பேச்சுவாக்கில், "ஒரு தடவையாவது ராஜா வேஷம் குடுத்திருக்கலாம் டீச்சர்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்குச் செய்தது அநியாயம் என்பது ஒருபுறம். என் நாடகத்தைக் கெடுத்துக்கொண்டதும் நானேதான்.

2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்கர் நடிப்புப் பரிந்துரை 20 பேருக்கும் வெள்ளையர் பெயர்தான் இருந்தது. அதையொட்டிப் பெரிய கூச்சல் எழுந்தது. அடுத்த வருஷமே ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' வந்தது. 45 லட்சம் டாலர் செலவு, வசூல் 25 கோடிக்கும் மேல். சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். (பயப்படும் ஆட்கள் ராத்திரியில் பார்க்க வேண்டாம். நான் பார்த்துவிட்டு விளக்கைப் போட்டே படுத்தேன்.)

ஆனாலும் தரம் என்று கேட்டால் நான் காட்டுவது வேறு படம். சார்லஸ் பர்னெட் என்பவர் 1970-களில், கல்லூரி மாணவராக இருந்தபோது, வார இறுதிகளில் எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்'. மொத்தச் செலவு பத்தாயிரம் டாலருக்கும் கீழே. லாஸ் ஏஞ்சலஸில் வாட்ஸ் பகுதி, ஆடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்க்கும் ஸ்டான் என்ற குடும்பஸ்தன். பெரிய கதை ஒன்றுமில்லை. அமெரிக்க அரசு நூலகம் 1990-லேயே பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டது. ஆனால் படத்தில் வரும் பாட்டுகளுக்கு உரிமை வாங்கப் பணமில்லாமல் 2007 வரை முறையாகத் தியேட்டருக்கு வரவில்லை. முப்பது வருஷம்! இந்தக் கணக்கையும் யாராவது தரத்தோடு சேர்த்துப் பேச வேண்டும்.

தம்பி, அந்தப் படம் 80 நிமிடம்தான். அமெரிக்க ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது, மகள் பக்கத்தில் இருந்து சொன்னாள். ஆனால் ஸ்டானும் அவன் சிநேகிதனும் சம்பளக் காசில் ஒரு பழைய இஞ்சின் வாங்கி, மூச்சிரைக்கப் படியிறக்கி, வண்டியின் விளிம்பில் வைத்துவிட்டு "இது போதும்" என்று கிளம்புவார்கள் பார், அதற்கு ஆங்கிலமே வேண்டாம். வண்டி நகர்ந்ததும் இஞ்சின் என்ன ஆகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுக் குழுவில் எழுது. பிடிக்கவில்லை என்றாலும் எழுது.