வீட்டுக்கொரு கோப்பு

2024 நவம்பர் 18, திங்கள்

மாரி இறுகுமுன் மருதமுனைக் கொப்பிகளைக் கணினியில் ஏற்றி முடித்துவிட வேண்டும். காலையில் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் அதைத்தான் சொன்னேன். தலையாட்டினார்கள். பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று.

ஊர்காவல் படையில் இருந்தவர்கள், பொலிஸுக்கும் ஆமிக்கும் போனவர்கள், போய்த் திரும்பாதவர்கள் எல்லாருடைய குடும்பக் கதைகளையும் மருதமுனையில் தொடங்கி நிந்தவூர் வரை வீடுவீடாகக் கேட்டு வருகிறோம். காசு அனுப்புவது கட்டாரில் வேலை செய்யும் ஊர்ப்பிள்ளைகள். படிவமும் அவர்கள் அனுப்பியதுதான். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2000இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் வரலாற்றுத் திட்டத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். படைப்பிரிவு என்ன, தரம் என்ன, எந்தப் போர், என்ன பதக்கம் என்று கட்டங்கள் போகின்றன.

நம்மூர் ஊர்காவல் படைக்காரருக்குக் கிடைத்தது ஒரு சொட்கன் துவக்கும் சொற்பச் சம்பளமும். தரமும் இல்லை, பதக்கமும் இல்லை. 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வந்தபோது அதற்குள் போனவர்களிடம் கடிதம் கிடிதம் இருக்கிறது. அதற்கு முந்தியே விலகியவர்களிடம் அதுவும் இல்லை. கடலோரத்து வீடுகளில் இருந்த காகிதங்களையெல்லாம் 2004 டிசம்பர் 26 கொண்டுபோயிற்று. நாட்டிலேயே சுனாமியில் அதிகம் பேர் மௌத்தான மாவட்டம் நம்முடையது, பத்தாயிரத்துக்கு மேல். அந்த வீடுகளில் நியமனக் கடிதம் எங்கே என்று கேட்க வாய் வராது.

படிவத்துக்கு இவ்வளவு என்று பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்கலாமே என்று கட்டாரிலிருந்து கேட்டார்கள். மணிக்கணக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். படிவத்துக்குக் காசு என்றால் கண்ணீர் விடுகிற வீட்டில் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று முழுக்கப் பெயரோடு மல்லுக்கட்டு. உதுமாலெப்பை, உதுமாலெவ்வை, உதுமான் லெப்பை. மூன்றும் ஒரே ஆளா, மூன்று ஆட்களா? முகம்மது, முஹம்மது, முஹம்மத், மொஹமட் என்று ஒரே பெயரை நாலு பேர் நாலு விதமாக அடித்திருக்கிறார்கள். தேடினால் ஒன்று வருகிறது, மற்றவை ஒளிந்துகொள்கின்றன. நம் முதலெழுத்து வாப்பாவின் பெயர். ஒரே ஊரில் ஆதம்பாவாவின் மகன் இஸ்மாலெப்பை எத்தனையோ பேர் இருக்கலாம்.

அது போதாதென்று சாய்ந்தமருதிலிருந்து வந்த கோப்பு முழுதும் பாமினியில். யூனிகோட்டுக்கு மாற்றாமல் அப்படியே ஒட்டியதில் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அடித்தவர் பழைய ஆள், பத்திரிகைக்கு அச்சுக் கோத்தவர், கை பாமினியில்தான் ஓடும். யூனிகோட்டிலேயே பாமினி விசைப்பலகை இருக்கிறது காக்கா என்று மருதமுனைத் தங்கச்சி காட்டிக் கொடுத்தாள். மனிதர் சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டார்.

தீர்மானம்: ஆள் சொன்ன உச்சரிப்பு ஒரு கட்டம், அடையாள அட்டையில் உள்ள எழுத்து ஒரு கட்டம். ஒன்றைக் கொண்டு மற்றதைத் திருத்தக் கூடாது.

நவம்பர் 21, வியாழன்

சம்மாந்துறைத் தம்பி கெட்டிக்காரன். பழைய அடையாள அட்டை இலக்கத்தை அடித்தால் பிறந்த தேதி தானாக விழுகிற மாதிரி ஒரு சூத்திரம் எழுதியிருக்கிறான். முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500. ஆணுக்குரிய கட்டத்தில் 500க்கு மேல் விழுந்தால் வரி சிவக்கும். அப்படிச் சிவந்த பலவற்றில் கணவரின் இலக்கம் கேட்ட இடத்தில் மனைவியின் அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் லீப் வருடம் தவிர, பெப்ரவரிக்குப் பிறகு பிறந்தவர்களின் தேதியெல்லாம் ஒரு நாள் தள்ளி வந்தது. 62573 என்று தொடங்கும் அட்டைக்குச் சூத்திரம் மார்ச் 14 என்கிறது, பிறப்புச் சான்றிதழில் 13. பையன் மத்தியானச் சோறும் தின்னாமல் தலையைப் பிய்த்துக்கொண்டான். அட்டை கொடுக்கிற திணைக்களம் எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றுதான் எண்ணும் என்று சொன்னேன். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையிலும் அதே கணக்குத்தான். ஒரு வரி மாற்றினான், எல்லாம் சரியாயிற்று.

மூத்தம்மாமாருக்குத் தேதி அப்படி வராது. மகன் எப்போது படையில் சேர்ந்தான் என்று கேட்டதற்கு நிந்தவூரில் ஒருவர் சொன்னதை ஒலிப்பதிவில் கேட்டேன்: “மக்கத்துல சுரங்கத்துக்குள்ள ஹாஜிமார் நெரிபட்டு மௌத்தான வருசம் மனே. அந்த ஹஜ்ஜிப் பெருநாள் முடிஞ்சி ஒரு மாசம் இரிக்கும். சிறுபோகம் வெட்டக்குள்ள.” சுரங்க நெரிசல் 1990 ஜூலை 2. ஒரு மாதம் கூட்டினால் ஓகஸ்ட் தொடக்கம். காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டது ஓகஸ்ட் 3, அடுத்த கிழமை ஏறாவூர். அந்த நாட்களில்தான் நம் ஊர்களில் பெடியன்கள் வரிசையில் நின்று துவக்கு வாங்கினார்கள். தேதிக் கட்டத்தில் ‘1990 ஓகஸ்ட், உத்தேசம்’ என்று போட்டு மூத்தம்மாவின் வாக்கியத்தை அப்படியே கீழே அடிக்கச் சொன்னேன். இரண்டில் எதை நம்புவாய் என்று என்னைக் கேட்டால் வாக்கியத்தைத்தான்.

நவம்பர் 22, வெள்ளி

ஜும்ஆவுக்கு முன்பே கலைந்தோம். மருதமுனைக் கொப்பி இன்னும் பாதி.

நவம்பர் 24, ஞாயிறு

பொலிஸுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் வீட்டுக்கு நானே போனேன். அனுபவம் இல்லாத பிள்ளையை அனுப்புகிற வீடு இல்லை அது.

1990 ஜூன் 11. கிழக்கிலுள்ள பொலிஸ் நிலையங்களைப் புலிகளிடம் ஒப்படைக்கும்படி கொழும்பிலிருந்து கட்டளை வந்து, சரணடைந்தவர்களில் அறுநூறு பேரளவில் கொல்லப்பட்டார்கள். கல்முனை நிலையத்தவர்களும் அதில். கொன்ற இடம் திருக்கோவில் பக்கம் ரூபஸ்குளத்துக் காடு என்று எல்லாரும் சொல்வார்கள். இந்தக் குடும்பத்துக்கு மையித்து வரவில்லை, கபுறும் இல்லை.

மனைவிக்கு அப்போது இருபத்து நாலு வயது. அவர் என்னிடம் சொன்ன கஷ்டம் எந்தப் படிவத்திலும் வராதது. கணவன் மௌத்தானால் மனைவி இருக்க வேண்டிய இத்தா நாலு மாதம் பத்து நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஆலிம்மார் ஆளுக்கொன்று சொன்னார்களாம். ஒருவர் இப்போதே தொடங்கு என்றார், இன்னொருவர் மௌத்து உறுதியாகட்டும் என்றார். “இருந்தா விதவ, எழும்பினா பொஞ்சாதி. அப்பிடி ரெண்டு வருசம் டீச்சர்.” பிளேன்டீ ஆறிப் போயிற்று. நான் ஒன்றும் கேட்கவில்லை.

‘இறந்த தேதி’ கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக நம் மென்பொருள் விடாது. அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டு ‘கடைசியாகக் கண்ட நாள், கண்டவர்’ என்று வைக்கச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 25, திங்கள்

மழை. கொப்பிகளை பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாற்றி மேசைக்கு மேல் ஏற்றினோம். மூன்று பேர்தான் வந்தார்கள். இன்று தொடங்கின உயர்தரப் பரீட்சைக்குத் தம்பிமாரைக் கொண்டுவிடவே மற்றவர்களுக்குப் பொழுது போயிற்று.

நவம்பர் 27, புதன்

நேற்றுப் பின்னேரம் மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்கையில் மத்ரஸாப் பிள்ளைகள் ஏறிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. விடுமுறைக்கு நிந்தவூரிலிருந்து சம்மாந்துறைக்குத் திரும்பிய பிள்ளைகள். தேடிக்கொண்டே இருக்கிறார்கள். நம் சம்மாந்துறைத் தம்பியும் தேடப் போயிருக்கிறான். போன் எடுத்தேன், பேச்சு வரவில்லை அவனுக்கு. யா அல்லாஹ்.

பரீட்சையை நிறுத்திவிட்டார்கள்.

பாண்டிருப்புப் பிள்ளை மட்டும் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் குழுவில் தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்திதான், அடிப்பதில் அவளைவிடச் சுத்தம் யாருமில்லை. நாள் என்ன நாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மாவீரர் நாள். திருக்கோவில் பக்கம் கஞ்சிகுடிச்சாறு துயிலுமில்லத்துக்கு அவளுடைய பெரியம்மா வருடாவருடம் போவார். “இந்த மழையிலயும் போறாவா?” என்றேன். “போகாம இருப்பாவா டீச்சர்” என்றாள். மகனுக்கு விளக்கு வைக்கப் போகிற அந்தத் தாயின் கதை நம் படிவத்தில் வராது, காசு அனுப்புகிறவர்கள் கேட்டது அது இல்லை. ஆனாலும் அந்த அம்மா கேட்டால் சொல்வாரோ என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

எல்லாரும் வந்தார்கள். தம்பி மெலிந்து போயிருக்கிறான்.

‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தை இன்று எடுத்தேன். பல நாளாக அரித்துக்கொண்டிருந்த விசயம். நம் கரையில் வீடு மகளுக்குச் சீதனம். கலியாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறவர். உம்மாவின் வளவைப் பிரித்து அக்கா தங்கச்சிமார் வரிசையாக வீடு கட்டி இருப்பார்கள், அவர்களின் சகோதரர்மாரோ ஊர் ஊராகச் சிதறிப் போயிருப்பார்கள். குடி என்கிற வம்சமும் தாய்வழி. பள்ளிவாசலில் மரைக்காயர் குடிக்கொருவர். பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் குடி தாய்வழிதான். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்கர் டெனிஸ் மக்கில்வ்ரே இதையெல்லாம் ஒரு தடித்த புத்தகமாகவே 2008இல் போட்டிருக்கிறார். சுனாமிக்குப் பிறகு வீடு கொடுக்க வந்தவர்களுக்கு இது விளங்கவில்லை. குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு ஆம்பிளைகளின் பெயரை எழுதினார்கள். பெண்ணின் பெயரில் இருந்த வளவு கடலோடு போக, புது வீடு புருசன் பெயரில் வந்தது. அந்த வழக்குகள் நான் பார்த்தவை. அதே கட்டத்தை நாமும் வைக்க வேண்டுமா?

இனி கோப்பு ஆளுக்கில்லை, வீட்டுக்கு. வீட்டுக்காரியின் பெயர், அவளுடைய உம்மாவின் பெயர், குடி. அதற்குக் கீழே அந்த வீட்டிலிருந்து படைக்குப் போன மகன், அந்த வீட்டுக்கு வந்த மருமகன். பரீட்சித்துப் பார்த்தோம். போன மாதம் எங்களைக் குழப்பிய மூன்று உதுமாலெப்பைமாரும் பிரிந்தார்கள்: ஒருவர் ராசாம்பிள்ளை குடி, மற்ற இரண்டு பதிவும் வரிசைநாச்சி குடி, ஒரே உம்மா. ஆக ஆள் இரண்டுதான். அந்த இரண்டில் முதல் பதிவு அவர் பிறந்த வீட்டில் எடுத்தது, அடுத்தது கலியாணம் முடித்துப்போன வீட்டில்.

கட்டாருக்கு எழுதிப் போட்டேன். ‘வீரரைப் பற்றிய திட்டம்தானே இது’ என்று பதில் வந்திருக்கிறது. நாளைக்குப் பேச வேண்டும்.

டிசம்பர் 4, புதன்

பேசினேன். ஒத்துக்கொண்டார்கள், அரை மனதுதான்.

பத்து மணிக்கு ஒரு முன்னாள் ஊர்காவல் படைக்காரரும் மனைவியும் வந்தார்கள். போன மாதம் அவர் சொன்னதில் ஒரு துண்டை வெட்ட வேண்டுமாம். எந்தத் துண்டு என்று எனக்குத் தெரியும். 1990 ஓகஸ்ட் 12, வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழ்ச் சனம் கொல்லப்பட்ட நாள். ஊர்காவல் படையினர் மீதும் அந்தப் பழி இருக்கிறது. அவர் போகவில்லை. போய்விட்டு வந்தவர்களைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார், அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்றும்.

அதை அடித்தது பாண்டிருப்புப் பிள்ளை. வேறு ஆளிடம் கொடுக்கவா என்று அப்போதே கேட்டேன். “நான் அடிக்கிறன் டீச்சர்” என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். காத்தான்குடியை மட்டும் எழுதிவிட்டு வீரமுனையில் வாயை மூடினால் அவளை நான் எந்த முகத்தோடு பார்ப்பது?

ஆனாலும் கதை அவருடையது. வெட்ட வேண்டாம், பூட்டி வைக்கலாம், நீங்கள் சொல்கிற நாள் வரை யாரும் திறக்க மாட்டார்கள் என்றேன். அவர் யோசித்தார். தன் மௌத்துக்குப் பிறகு என்றார். அதுவரை பேசாமல் இருந்த மனைவி இடையில் புகுந்தார்.

“கோப்பு என்ட வீட்டுப் பேருலதானே இரிக்கி டீச்சர்?”

“ஓம்.”

“அப்ப நான் சொல்றன். மௌத்தெல்லாம் வேணா. கடைசி மகள்ட நிக்காஹ் முடியட்டும். மாப்புள்ள வீட்டாக்கள் இதுகள வாசிச்சிட்டு வந்து நிண்டா யாரு கதைக்கிற? அது முடிஞ்சா தொறங்க. அவங்கட புள்ளையளும் வாசிக்கட்டும்.”

மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், மறுக்கவில்லை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், மனைவி முதலில்.

‘திறக்கும் நாள்’ என்ற கட்டம் தேதியைத் தவிர வேறொன்றையும் ஏற்காது. எழுத்தையும் ஏற்கிற மாதிரித் தம்பி அதை மாற்றிக்கொண்டிருக்கிறான். மருதமுனைக் கொப்பி நாளைக்கு.